பதினொரு வருடம் கழித்து பியூரெட்டைப் பிடித்தபோது

நேர்காணல் என்று சொல்லித்தான் வரச் சொல்லியிருந்தார்கள். 2022 ஜூன் மாதம், திருப்பூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் நீர்ப் பரிசோதனை ஆய்வகம். "ஏன் இத்தனை வருஷம் வேலைக்குப் போகலை?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று பஸ்ஸில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மேலாளர் என் ஃபைலைத் திறக்கவே இல்லை. எழுந்து, "வாங்க" என்று ஆய்வகத்துக்குள் கூட்டிப்போனார். மேடைமேல் ஒரு கேனில் தண்ணீர் இருந்தது.

"போர்வெல் சாம்பிள். ஹார்ட்னஸ் பார்த்து எழுதிக் கொடுங்க. அவசரமில்லை."

சொட்டளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டை நான் கடைசியாக ஒரு சாயப்பட்டறை லேபில் பிடித்தது 2011இல். நடுவில் பதினொரு வருடம். கை நடுங்கியது உண்மை. பியூரெட்டை முதலில், கடினத்தன்மையை அளக்கும் ஈடிடிஏ கரைசலாலேயே ஒரு முறை கழுவி ஊற்ற வேண்டும் என்பது மட்டும், யாரும் சொல்லாமலே, கைக்குத் தெரிந்திருந்தது. 50 மில்லி சாம்பிள், பிஎச் 10க்குக் கொண்டுவர அம்மோனியா பஃபர், நிறம் காட்ட ஒரு சிட்டிகை எரியோக்ரோம் பிளாக் டி. குடுவைக்குள் திராட்சைச் சிவப்பு பரவியது. சொட்டுச் சொட்டாக விட்டேன். கடைசிச் செம்மை போய் நீலம் மட்டும் நிற்கிற இடம் ஒன்று உண்டு. ஒரு சொட்டு தாண்டினாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணக்குக்குத் தெரியும். முதல் தடவை தாண்டிவிட்டேன், 20.3 மில்லி. அடுத்த மூன்றும் 19.6, 19.6, 19.5. 20ஆல் பெருக்கினால் ஹார்ட்னஸ், அதாவது கடினத்தன்மை, லிட்டருக்கு 392 மில்லிகிராம்.

எழுதும்போது பதற்றத்தில் ஒரு இடத்தில் 19.6ஐ 16.9 என்று போட்டுவிட்டேன். அதன்மேல் ஒற்றைக் கோடு ஒன்று இழுத்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட்டேன்.

மேலாளர் விடையைப் பார்த்துவிட்டு அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார். "இதை யார் சொல்லிக்கொடுத்தாங்க?"

"பட்டறை லேபில் இருந்த சீனியர் சார். கிறுக்கி அழிச்சா மறைக்கிற மாதிரி ஆயிடும்னு சொல்வார்."

"நாளைக்கே வர முடியுமா?"

ஏன் வேலைக்குப் போகவில்லை என்ற கேள்வி அன்று வரவே இல்லை. ஐஎஸ்ஓ 17025 என்ற தரநிலையின்படி நடக்கிற ஆய்வகங்களில், தவறாக எழுதிய எண்ணும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும், யார் எப்போது திருத்தினார்கள் என்பதும் தெரிய வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பழக்க அவர்கள் மாதக்கணக்கில் பாடுபடுகிறார்களாம். எனக்கு அது 2008இல் விழுந்த பழக்கம். இடைவெளி அதைத் தொடவே இல்லை.

ஆனால் இந்த ஒரு நாளுக்கு வந்து சேர எனக்கு மூன்று வருடம் ஆனது. அதில் பாதி தவறான கதவுகளைத் தட்டியதில் போனது. அந்தப் பாதியையாவது வேறு யாருக்காவது மிச்சப்படுத்தலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் எம்.எஸ்சி. வேதியியல், 2008. முடித்த கையோடு திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் சேர்ந்தேன். சாயத் தொட்டியின் பாத் தண்ணீர், கழிவுநீர் இரண்டுக்கும் அன்றாடச் சோதனை. இடையில் லேப் டிப், அதாவது துணித்துண்டில் சாயம் போட்டு நிறம் ஒத்துப்பார்ப்பதையும் பழகினேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை முழுவதும் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. நொய்யல் ஆற்றுக்கு நடந்ததைப் பார்த்தவர்கள் யாரும் அந்தத் தீர்ப்பைத் தப்புச் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே வாரத்தில் எங்கள் பட்டறை கேட்டில் பூட்டுத் தொங்கியது. அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். "குழந்தை பொறந்து ஒரு வருஷம் போகட்டும், பார்த்துக்கலாம்" என்றார்கள் வீட்டில். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மகனுக்கு இரண்டு வயதாகும்போது அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தது. அப்புறம் வருடங்களை நான் எண்ணவில்லை.

அந்த வருடங்களில் நான் சும்மா இருக்கவும் இல்லை. 2013 முதல் வீட்டுத் திண்ணையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன். ஒவ்வொரு வருடமும் எட்டு பேர், பத்து பேர். மோல் கணக்கையும் கரிம வினைகளையும் நூறு தடவை சொல்லிக்கொடுத்திருப்பேன். ஆனால் 2019இல் முதல்முதலாக ரெஸ்யூம் எழுதியபோது அதில் டியூஷன் பற்றி ஒரு வரிகூட இல்லை. "2011 முதல் குடும்பக் காரணங்களால் பணியில் இல்லை" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் எழுதியிருந்தேன். திண்ணையில் செய்தது வேலை என்றே எனக்குத் தோன்றவில்லை. இப்போது யாராவது ரெஸ்யூமைக் காட்டினால் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். டியூஷன், மாமனார் கடைக்குக் கணக்கு, பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு உதவி, எதுவாக இருந்தாலும் வருடத்தோடு, உள்ளது உள்ளபடி எழுதுங்கள். இடைவெளிக்குக் காரணம் ஒரே வரி போதும். அதற்குமேல் விளக்கினால் படிக்கிறவர் கண் அங்கேயே நிற்கும்.

2019இல் தட்டிய கதவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எல்லாரும் முதலில் சொன்னது பி.எட். "இரண்டு வருஷம்தானே, முடிச்சு வெச்சுக்கோ." வகுப்பில் நிற்பது பிடித்தவர்களுக்கு அது நல்ல வழிதான், என் தோழி ஒருத்தி அப்படித்தான் பள்ளியில் சேர்ந்தாள். எனக்கு வகுப்பறையைவிட லேப் மேடைதான் வேண்டும் என்பது உள்ளூரத் தெரியும். தெரிந்தும் விண்ணப்பம் வாங்கினேன், ஏனென்றால் படிக்கப் போனால் இன்னும் இரண்டு வருடம் யார் முன்னாலும் போய் வேலை கேட்க வேண்டியதில்லை. இந்தத் தள்ளிப்போடல் எங்களைப் போன்றவர்களுக்கு மிகச் சுலபமாக வரும். இன்னொரு பட்டம் வாங்கினால் தைரியம் வந்துவிடும் என்று தோன்றும். தைரியம் வேலை செய்யும் இடத்தில்தான் வருகிறது.

அப்புறம் ஒரு பயிற்சி நிலையம். மூன்று மாதக் கோர்ஸ், நூறு சதவீத வேலை உறுதி என்றார்கள். முன்பணம் 5,000 கட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்து, மறுநாள் போய், "போன பேட்சில் படிச்சு இப்ப வேலையில இருக்கிற ரெண்டு பேர் நம்பர் கொடுங்க, பேசிட்டு மீதியைக் கட்டறேன்" என்றேன். கடைசிவரை கொடுக்கவில்லை. முன்பணம் போனது போனதுதான். பணம் கட்டும் முன்பே அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். நல்ல இடமாக இருந்தால் அவர்களே சந்தோஷமாக நம்பர் கொடுப்பார்கள்.

ஒரு கம்பெனி நேர்காணலில் இருபது நிமிடத்தில் பதினைந்து நிமிடம், பையனை யார் பார்த்துக்கொள்வார், மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் லீவு போடுவீர்களா என்றே போனது. வேதியியல் பற்றி ஒரு கேள்வி இல்லை. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். அதோடு ஒரு வருடம் முயற்சியையே விட்டுவிட்டேன், அதற்குள் கொரோனாவும் வந்துவிட்டது.

திரும்ப எழுப்பிவிட்டது அத்தைதான். இடது கையால் சோற்றைப் பிசைந்தபடி ஒருநாள் கேட்டார்: "ஏன் சாமி, அந்தக் குழாய்ல சொட்டு விட்டுப் பார்ப்பேன்னு சொல்லுவியே, அந்த வேலைக்கு மறுபடி போகலையா?" வயசாகிவிட்டது, யார் எடுப்பார்கள் என்றேன். "எனக்கு ஒரு கை போச்சு. இந்தக் கையில சாப்பிடப் பழகலையா?" என்றார். 62 வயதில் இடது கையால் கோலம்கூடப் போடப் பழகிக்கொண்டவர் அவர். அதற்குமேல் அவரிடம் நான் என்ன சொல்ல முடியும்?

2021 நவம்பரில் மறுபடி தொடங்கினேன். இந்த முறை விண்ணப்பம் போடும் முன் ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன். அந்த ஆறு மாதத்தில் செய்தவைதான் எனக்கு வேலை வாங்கிக்கொடுத்தன என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் காகிதங்கள். பட்டச் சான்றிதழை நான் வாங்கியே இருக்கவில்லை, கையில் இருந்தது புரொவிஷனல் மட்டும். விண்ணப்பித்து வாங்க வாரங்கள் ஆகும்; நேர்காணலுக்குக் கூப்பிட்ட பிறகு ஓடினால் கை நழுவிவிடும். அடுத்தது பெயர். சான்றிதழில் அப்பாவின் இன்ஷியல், ஆதாரிலும் பான் கார்டிலும் கணவர் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டத் திருமணப் பதிவுச் சான்றின் நகலை எல்லாவற்றோடும் சேர்த்து வைத்தேன். பழைய பட்டறையோ இல்லை, அனுபவச் சான்று யார் தருவது? தேடியதில் 2008இல் கொடுத்த நியமனக் கடிதமும், சம்பளம் வரவு வைத்த பழைய பாஸ்புக்கும் பீரோ அடியில் கிடைத்தன. கூட வேலை பார்த்த சீனியர் சாரைப் போனில் பிடித்து, என்னென்ன சோதனைகள் செய்தேன் என்று ஒரு பக்கக் கடிதம் வாங்கினேன். பழைய பாஸ்புக்கை யாரும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, படிப்பு. ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடிஇஎல்லில் நீர், கழிவுநீர் சுத்திகரிப்பு பற்றிய பாடம் ஒன்றில் சேர்ந்தேன். சேர்வதும் பாடம் கேட்பதும் இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால் தேர்வுக் கட்டணம் அப்போது 1,000 ரூபாய், தேர்வு நேரில் போய் எழுத வேண்டும். ஆங்கிலப் பாடம் முதல் வாரம் காதில் ஏறவே இல்லை. வேகத்தைக் குறைத்து, சப்டைட்டில் போட்டு, ஒரு நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்குப் புரிகிற தமிழ் எழுதிக்கொண்டேன். காலை நாலரையிலிருந்து ஆறு வரை, அடுப்பு பற்றவைக்கும் முன்னால். எத்தனை மதிப்பெண் என்பது பிற்பாடு யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. சான்றிதழில் இருந்த 2022 என்ற வருடம்தான் கண்ணில் பட்டது. பதினான்கு வருடம் பழைய பட்டத்துக்குப் பக்கத்தில் ஆறு மாதத்துக்குள் செய்த ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அது என்ன என்பதைவிட, சமீபத்தில் செய்ததா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

கூடவே எக்செல். நான் வேலை பார்த்த காலத்தில் கால்குலேட்டரும் கிராஃப் ஷீட்டும்தான். இப்போது அளவுத்திருத்தக் கோடு, சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் எக்செல்லில். வீட்டு மின் கட்டணத்தையும் பால் கணக்கையும் போட்டுப் போட்டுத்தான் பழகினேன். மகன் அப்போது பத்து வயது, ஃபார்முலாவை இழுத்துவிடுவதை அவன்தான் சொல்லிக்கொடுத்தான்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. நான் படித்த கல்லூரிக்குப் போனேன். என் பேராசிரியர் ஓய்வு பெற்றிருந்தார், துறைத் தலைவராக இருந்தவருக்கு என்னைத் தெரியாது. "மேடம், பத்து சனிக்கிழமை பி.எஸ்சி. பிள்ளைங்க பிராக்டிகலுக்கு வந்து கூட நிக்கறேன். கரைசல் தயாரிச்சுத் தரேன், கழுவி வைக்கறேன். சம்பளம் வேண்டாம். எனக்குக் கை பழகணும்" என்றேன். என்னையும் என் பழைய மதிப்பெண் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். கேட்கப் போகும்போது வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பியிருக்கிறேன். கேட்டபிறகு இரண்டே நிமிட வேலை.

முதல் சனிக்கிழமையே ஒன்று தெரிந்துகொண்டேன். 20 மில்லி எடுக்க பைப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சப் போனேன், நாங்கள் படித்தபோது எல்லாரும் அப்படித்தான் செய்தோம். பக்கத்தில் நின்ற இளம் விரிவுரையாளர் பதறிப்போய், "அக்கா, வாயில வைக்காதீங்க, பல்ப் இருக்குங்க" என்று ரப்பர் பல்பை எடுத்து நீட்டினார். இதையே வேலைக்கான தேர்வில் செய்திருந்தால் அந்த நொடியே வெளியே அனுப்பியிருப்பார்கள். அறிவு மறக்கவில்லை என்று நான் நம்பியிருந்தது சரிதான், ஆனால் நம் அறிவு நின்ற இடத்திலிருந்து ஆய்வகம் நகர்ந்து வந்துவிட்டிருக்கிறது. எவ்வளவு தூரம் என்பது உள்ளே போய் நின்றால்தான் தெரியும். பத்தாவது சனிக்கிழமை துறைத் தலைவர் தாமாகவே ஒரு கடிதம் கொடுத்தார். நான் தேடிய ஆய்வகத்தின் பெயரைச் சொன்னவரும் அவர்தான்.

வீட்டு ஏற்பாட்டையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பாதிதான். கணவருக்கு என் வேலை பிடிக்காமல் இல்லை, ஆனால் எதுவும் மாறாமல் நான் போய்விட்டு வரலாம் என்று நினைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, காலை ஐந்திலிருந்து இரவு பத்துவரை வீட்டில் நடக்கும் ஒவ்வொரு வேலையையும் ஒரு தாளில் எழுதினேன். முப்பத்திரண்டு வந்தது. "இதுல எது எது உங்களுதுன்னு நீங்களே டிக் பண்ணுங்க" என்று தாளைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தைக்கு மருந்து, மாலை உடற்பயிற்சி, பையனைப் பள்ளியில் விடுவது, மாவு அரைப்பது என்று ஒன்பது எடுத்துக்கொண்டார். இன்றுவரை அவைதான் அவர் வேலை. பொதுவாக "ஹெல்ப் பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த வருடங்களில் ஒன்றும் நடந்ததில்லை.

பயிற்சி அனலிஸ்ட் என்ற பெயரில் சேர்ந்தேன். மாதம் 9,000 ரூபாய். 2011இல் நான் 7,500 வாங்கிக்கொண்டிருந்தேன். இந்தச் சம்பளத்துக்கா போகிறாய் என்று சொந்தத்தில் கேட்டவர்கள் உண்டு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021இல் வந்திருந்ததால் போக்குவரத்துச் செலவாவது இல்லை. குறைந்த சம்பளத்தில் சேரலாமா என்பதற்கு எல்லாருக்கும் பொருந்துகிற பதில் என்னிடம் இல்லை; வீட்டில் வேறு வருமானம் இல்லாதவர்களால் இப்படிச் செய்ய முடியாது. நான் பார்த்தது இரண்டு விஷயம்: கருவிகளில் கை வைக்க விடுவார்களா, ஆறு மாதம் கழித்துச் சம்பளம் பற்றிப் பேசுவார்களா. இரண்டையும் சேரும் நாளிலேயே கேட்டுவிட்டேன். ரிசப்ஷனில் உட்காரவைத்து சாம்பிள் பதிவு மட்டும் செய்யச் சொல்கிற இடமாக இருந்தால் சேர்ந்திருக்க மாட்டேன்.

என்னைப் பழக்கியது 24 வயதுப் பெண் ஒருத்தி. அவளுக்கு நான் அக்கா, எனக்கு அவள் கண்ணு. முதல் வாரமே, பிஓடி, அதாவது தண்ணீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனை அளக்கும் சோதனை, எத்தனை நாள் என்று கேட்டாள். 20 டிகிரியில் ஐந்து நாள் என்றேன், புத்தகத்தில் அப்படித்தான் படித்தது. "இங்க 27 டிகிரியில மூணு நாள்தான்க்கா, ஐஎஸ் முறை" என்றாள். ஐஎஸ் என்பது இந்தியத் தரநிலை. குடிநீருக்கு ஐஎஸ் 10500, சோதனை முறைகளுக்கு ஐஎஸ் 3025இன் பாகங்கள் என்று அச்சடித்துக் கொடுத்தாள். குடிநீர் எண்களை அடுப்படிச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்தேன். எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. கடினத்தன்மை 200, வேறு தண்ணீர் இல்லையென்றால் 600 வரை. குளோரைடு 250, அதே நிபந்தனையில் 1,000. ஃபுளோரைடு 1, மிஞ்சிப்போனால் 1.5. நைட்ரேட் 45, இந்த நான்கில் அதற்கு மட்டும் சலுகையே கிடையாது. அத்தையும் கேட்டுக் கேட்டு நைட்ரேட் 45 என்று சொல்லப் பழகிவிட்டார்.

நான்காம் மாதம் ஒரு பெரிய தவறு செய்தேன். ஒரு சாயப்பட்டறையின் ஆர்ஓ ரிஜெக்ட் தண்ணீர், அதாவது வடிகட்டிய பின் ஒதுக்கும் உப்புநீர். அதில் சிஓடி, அதாவது கழிவை வேதிப்பொருளால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். டைகுரோமேட், அமிலம் எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, நிறம் காட்டும் ஃபெர்ரோயின் போட்டுப் பார்த்தேன். நீலப்பச்சை மறைந்து செங்கல் சிவப்பு வந்த இடம் தெளிவாக இருந்தது. கணக்குப் போட்டால் 740. எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை, எழுதிவிட்டேன். அந்தப் பெண் பழைய பதிவேட்டைப் புரட்டிவிட்டு வந்து, "அக்கா, இவங்களுது எப்பவும் 300ஐ ஒட்டித்தான் வரும். குளோரைடு பார்த்தீங்களா?" என்றாள். பார்க்கவில்லை. சாயப்பட்டறைத் தண்ணீரில் உப்பு எவ்வளவு இருக்கும் என்று அவளைவிட எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வருடம் அந்தத் தண்ணீரில்தான் கை நனைத்தேன். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் குளோரைடு, கட்டுப்படுத்தாமல் விட்டால், 226 மில்லிகிராம் சிஓடியைப் போல வேஷம் போடும். குளோரைடைப் பிடித்துவைக்க மெர்குரிக் சல்ஃபேட் போடுகிறோம், ஆனால் அதற்கும் ஒரு அளவு உண்டு. குளோரைடு 2,000ஐத் தாண்டினால் சாம்பிளில் தண்ணீர் கலந்து நீர்த்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். அன்று அந்த சாம்பிளில் 4,000 இருந்தது.

அறிக்கை வெளியே போகவில்லை, அந்தவரை நல்லது. நானே மேலாளரிடம் போய்ச் சொல்லி, தவறுகளுக்கான பதிவேட்டில் என் பெயரிலேயே எழுதினேன். மறுபடி நீர்த்துச் செய்து 310 வந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. எனக்கு வயது 37, சொல்லிக்கொடுப்பவளுக்கு 24, இனி என்னால் முடியுமா என்றே ஓடியது. காலையில் அவள் எதுவும் நடக்காத மாதிரி, "அக்கா, டிஃபன்ல என்ன?" என்றாள். அப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தக் கழிவுநீர் வந்தாலும் முதலில் குளோரைடு, பின்பு சிஓடி. ஒவ்வொரு விடையையும் அதே இடத்தின் பழைய மூன்று விடைகளோடு ஒத்துப்பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. சாயப்பட்டறை சாம்பிள்களுக்கு இப்போது எல்லாரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். எந்தச் சாயத்தில் உப்பு எவ்வளவு போகும், எந்த நேரத்தில் எடுத்த சாம்பிள் இது என்பது எனக்குப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். 2008இல் கற்றது அங்கேதான் இருந்திருக்கிறது.

வேதியியல் இல்லாத பட்டம் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நுண்ணுயிரியல் படித்தவர்களுக்கு நீர், உணவுப் பரிசோதனை ஆய்வகங்களில் தனிப் பிரிவே இருக்கிறது. குடிநீரில் 100 மில்லியில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதால் அந்தச் சோதனை இல்லாத நாளே கிடையாது. இயற்பியல் படித்தவர்கள் வாத்தியார் வேலை தவிர ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். தராசு, தெர்மோமீட்டர், பிரஷர் கேஜ் இவற்றைச் சரிபார்த்துச் சான்று கொடுக்கிற கேலிபரேஷன் லேப்கள் கோவை, ஓசூர், சென்னைப் பக்கம் நிறைய, அவர்களுக்கும் இதே 17025தான். எம்.எஸ்சி. வேதியியல், உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கான கல்வித் தகுதிகளில் ஒன்று. அரசுத் தேர்வுகளில் வயது தாண்டிவிட்டது என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது. டிஎன்பிஎஸ்சியின் பல பதவிகளில் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர் போன்ற பிரிவினருக்கு உச்ச வயது வரம்பே இல்லை, ஒவ்வொரு அறிவிப்பிலும் அந்தப் பத்தியைப் படித்துப் பார்க்க வேண்டும். கல்லூரியில் கற்பிக்க விரும்புவோருக்கு நெட், செட் என்ற தகுதித் தேர்வுகள் இரண்டிலும் உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது தடையில்லை.

ஆராய்ச்சிதான் ஆசை என்றால், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03 முதலே இடைவெளி விட்ட பெண்களுக்காக ஒரு திட்டம் நடத்துகிறது. இப்போது அது வைஸ்-கிரண் என்ற பெயரில் இருக்கிறது. அதில் ஒரு கிளை, காப்புரிமை பற்றி ஒரு வருடம் உதவித்தொகையோடு பயிற்சி தருவது. தாவரவியல் படித்த எனக்குத் தெரிந்த ஒருவர் எட்டு வருட இடைவெளிக்குப் பிறகு அதில் போய், இப்போது காப்புரிமை ஆவணங்களை அலசும் வேலையைப் பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கிறார். நான் இதைக் கேள்விப்பட்டதே வேலையில் சேர்ந்த பிறகுதான். முன்பே தெரிந்திருந்தால் விண்ணப்பித்திருப்பேன்.

ஆறு மாதத்தில் சம்பளம் பேசினேன், 12,000 ஆனது. இப்போது 18,500. கல்லூரித் துறைத் தலைவர் இன்னும் அவ்வப்போது யாரையாவது அனுப்புகிறார், "அந்தப் பத்து சனிக்கிழமைக்கு" என்று சொல்லி.

போன கோடையில் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப் போய் நானே சோதித்தேன், கட்டணம் கட்டி ரசீது போட்டுத்தான். கடினத்தன்மை 680, நைட்ரேட் 61. பாத்திரத்தில் படியும் வெள்ளைக்கு அத்தை இருபது வருடமாகப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அறிக்கையை வாசித்துக் காட்டினேன். "45க்கு மேல ஆகாதுன்னு சொன்னியே, நம்முளுது 61ஆ?" என்று முதலில் நைட்ரேட்டைத்தான் பிடித்தார். கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது என்று சொல்லி, அன்றிலிருந்து குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத்தண்ணீர்க் குழாய்தான். தெருவில் இன்னும் நாலு வீட்டுக்காரர்கள் பாட்டிலோடு வந்தார்கள்.

அடுத்த மாதம் எனக்கு இன்னொரு நேர்காணல் இருக்கிறது. ஆய்வகத்தின் அறிக்கைகளில் கையெழுத்திடும் அதிகாரத்துக்கு என் பெயரை மேலாளர் அனுப்பியிருக்கிறார். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் மதிப்பீட்டாளர் வந்து கேள்வி கேட்பார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பழக்கிய அந்தப் பெண்தான் மதிப்பீட்டாளர் மாதிரி எதிரே உட்கார்ந்து என்னைக் கேட்கிறாள். நேற்று அவள் கேட்ட முதல் கேள்வி: "சிஓடியில குளோரைடு இடையூறை எப்படிக் கட்டுப்படுத்துவீங்க?" நோட்டைப் பார்க்காமல் பதில் சொல்லி முடிக்கும்வரை என் டிஃபன் பாக்ஸை அவள் திறக்கவிடவில்லை.